வீட்டுக்காரம்மா, கதையிலும் கவிதையிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஏழெட்டுப் பேர் கூடிச் சிறுகதை படிக்கிறோம். பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள், இரண்டு பேர் செவிலியர்கள், ஒரு பையன் ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறான். போன கோடையில், வாடகைக்கு வீடு விடும் பெண்கள் வருகிற கதைகளையும் கவிதைகளையும் மட்டும் எடுத்துப் படித்தோம். அப்போது கேட்ட கேள்விகள், பிறகு வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் தமிழ் டீச்சர். 26 வருஷம் வாடகை வீடுகளில் இருந்தவள். ஆறு வருஷமாக என் வீட்டு மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்துப் பதிலும் இதில் இருக்கும்.

வீட்டுக்காரம்மாவைத் தனியாக எடுத்துப் படிக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

கதையில் மாமியார் வந்தால் அவர் யார் என்று நமக்குத் தெரியும். டீச்சர் வந்தாலும் தெரியும். வீட்டுக்காரம்மா சொந்தமும் இல்லை, அந்நியமும் இல்லை. நாம் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறோம், யார் நம்மைத் தேடி வருகிறார்கள், அடுப்பில் என்ன கொதிக்கிறது, குப்பையில் என்ன விழுகிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். ஊரில் இருக்கும் நம் அம்மாவுக்குக்கூட அவ்வளவு தெரியாது. காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருவார். ஐந்தாம் தேதி ஆனால் அதே கைக்குப் பணம் போயாக வேண்டும்.

ஒரு வாசலில் விருந்தும் வியாபாரமும் சேர்ந்து நிற்கும் இடம் இது. சிறுகதை எழுதுகிறவர்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. ஒரு படிக்கட்டு, ஒரு கதவு, இரண்டு சாவி போதும்.

'வீட்டுக்காரம்மா' என்றால் மனைவி என்றும் பொருள் வருகிறதே?

வரும். "எங்க வீட்டுக்காரம்மா ஊருக்குப் போயிருக்கு" என்று கல்யாணமான ஆண் சொன்னால் அது மனைவி. மாடியில் குடியிருக்கும் பையன் அதையே சொன்னால் கீழ்வீட்டு அம்மா. 'வீட்டுக்காரர்' என்பதும் அப்படித்தான். கணவரும் அவரே, வாடகை வாங்குகிறவரும் அவரே. குழப்பம் வேண்டாம் என்றுதான் 'ஹவுஸ் ஓனர்', 'ஓனரம்மா' எல்லாம் நம் பேச்சில் வந்து உட்கார்ந்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாடகைக்கு இருப்பவரைக் 'குடித்தனக்காரர்' என்கிறோம். 'குடித்தனம் நடத்துறது' என்றால் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வது. ஆக வீடு விடுகிறவருக்கும் குடி வருகிறவருக்கும் தமிழ் வைத்திருக்கும் பெயர் இரண்டுமே கல்யாணத்தை ஒட்டியவை. நம் மொழியில் இதை எழுதுகிறவர் இந்தச் சொற்களை வீணாக்கக் கூடாது.

'வீட்டுக்காரி' என்ற சொல்லும் இருக்கிறது. அது முகத்துக்கு நேரே வராது. நேரில் 'அக்கா', 'அம்மா'. படியேறி மாடிக்குப் போன பிறகுதான் 'வீட்டுக்காரி'. ஒரு பாத்திரம் எந்தப் படியில் நிற்கும்போது எந்தச் சொல் வருகிறது என்பதை வைத்தே பாதிக் கதையைச் சொல்லிவிடலாம்.

ஒரே ஒரு கதையில் தொடங்க வேண்டும் என்றால் எது?

ரால்ட் டால் எழுதிய 'தி லேண்ட்லேடி'. 1959இல் வெளிவந்தது. முடிவைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

பில்லி வீவர், 17 வயது. வேலை விஷயமாக லண்டனிலிருந்து பாத் என்ற ஊருக்கு ரயிலில் வந்து இறங்குகிறான். ராத்திரி, கடுங்குளிர். வேறொரு விடுதிக்குப் போய்க்கொண்டிருந்தவன், ஒரு வீட்டு ஜன்னலில் தங்க இடமும் காலைச் சாப்பாடும் உண்டு என்ற அட்டையைப் பார்த்து நிற்கிறான். உள்ளே கணப்பு எரிகிறது. அதன் எதிரில் ஒரு நாய் சுருண்டு படுத்திருக்கிறது, கூண்டில் ஒரு கிளி. மணியை அழுத்திய விரலை எடுப்பதற்குள் கதவு திறக்கிறது. வாடகையோ அவன் நினைத்து வந்ததில் பாதிகூட இல்லை. அந்த அம்மாவின் பேச்சில் அவ்வளவு பிரியம். வந்து தங்குகிறவர்கள் எழுதும் நோட்டில் அவனுக்கு முன்னால் இரண்டே பெயர்கள், இரண்டும் எப்போதோ எழுதியவை, எங்கோ செய்தித்தாளில் பார்த்த பெயர்கள் போலவும் இருக்கின்றன. தேநீரில் லேசாகக் கசப்பு வாதுமை ருசி, சயனைடு விஷத்தின் அடையாளம். நாயும் கிளியும் செத்து வெகுநாள் ஆகிறது. தன் செல்லங்கள் செத்ததும் தானே உள்ளே அடைத்துப் பாடம் பண்ணி வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். கதை கிட்டத்தட்ட அங்கேயே நிற்கிறது. நம் கண் முன்னால் ஒரு துளி ரத்தமும் சிந்துவதில்லை.

இதைப் படித்து முடித்ததும் எங்கள் செவிலியர் ஒருவர் சொன்னார்: "வாடகை கம்மின்னப்பவே எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு டீச்சர்." அந்த ஒரு வரியில் நல்ல விமர்சனம் இருக்கிறது. பில்லிக்கு அது அதிர்ஷ்டம். வீடு தேடி நாலு ரோட்டிலும் அலைந்தவர்களுக்கு அதுதான் முதல் எச்சரிக்கை. வாடகை குறைவு என்றால் தண்ணீர் வராது, இல்லை அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது.

ஏதோ நடந்த வீட்டை மறைத்து வாடகைக்கு விடும் கதை உண்டா?

ஓ. ஹென்றியின் 'தி ஃபர்னிஷ்டு ரூம்'. நியூயார்க்கில் ஒரு பழைய வீட்டு அறைக்கு இளைஞன் ஒருவன் வருகிறான். காணாமல் போன தன் காதலியை ஐந்து மாதமாகத் தேடுகிறான். அப்படி ஒரு பெண் இங்கே தங்கினாளா என்று வீட்டுக்காரம்மா பர்டியிடம் கேட்கிறான். இல்லை என்கிறார். அறையில் தனியாக இருக்கும்போது அவளுக்குப் பிடித்த பூவின் மணம் திடீரென்று வருகிறது. மறுபடி போய்க் கேட்கிறான். மறுபடி இல்லை என்கிறார். அன்றிரவு காஸைத் திறந்துவிட்டுப் படுத்துவிடுகிறான். கதையின் கடைசியில் அந்த அம்மா இன்னொரு வீட்டுக்காரம்மாவோடு உட்கார்ந்து பேசுகிறார். அதே அறையில், ஒரு வாரத்துக்கு முன்னால், அந்தப் பெண் அதே வழியில்தான் இறந்திருக்கிறாள்.

அறை வாடகைக்குப் போனால்தான் நம் பிழைப்பு என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவர் மேல் கோபம் தாங்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் நம் ஊர் ஞாபகம் வந்தது. வயதானவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் கூட இருந்தால் இங்கே வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வீடு தேடியவர்களுக்குத் தெரியும். தனிஷ்டா பஞ்சமி நட்சத்திரங்களில் சாவு விழுந்தால் வீட்டை மாதக்கணக்கில் அடைத்து வைக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அடைத்த வீட்டுக்கு யார் வாடகை தருவார்? உயிர் போகும் நேரத்தில் வாடகை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிக்கொண்டு போன கதை எனக்கே இரண்டு தெரியும். அங்கே வீட்டுக்காரம்மாவும் அழுதுகொண்டுதான் நின்றார். அந்த அழுகையையும் அந்த அவசரத்தையும் சேர்த்து ஒரு கதை தமிழில் வர வேண்டும். யாராவது எழுதுங்கள்.

ஏன் கதைகளில் பெரும்பாலும் அவரைக் கெட்டவராகவே காட்டுகிறார்கள்?

எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் குடியிருந்தவர்கள். வாடகை பாக்கி வைத்தவர்கள். தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' 1866இல் வந்த நாவல். அதன் முதல் பக்கத்திலேயே ரஸ்கோல்நிகோவ் வீட்டுக்காரம்மாவின் கண்ணில் படாமல் படியிறங்கப் பார்க்கிறான். அவர் சமையலறைக் கதவு படிக்கட்டைப் பார்த்து எப்போதும் திறந்தே கிடக்கும். அவனுக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. பாக்கி வைத்திருப்பவன் இறங்குகிற படிக்கட்டு அது. உலகத்தில் எழுதப்பட்ட வீட்டுக்காரம்மாக்களில் நிறையப் பேரை நாம் அந்தப் படிக்கட்டில் நின்றுதான் பார்த்திருக்கிறோம்.

1990களில் நான் குமாரசாமிப்பேட்டையில் ஒரு மாடி அறையில் இருந்தேன். கீழே வீட்டுக்காரம்மா, கணவரை இழந்தவர். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் 'வாடகை' என்ற சொல்லைச் சொன்னதில்லை. ஐந்தாம் தேதி தாண்டினால் படிக்கட்டின் அடியில் வந்து நின்று, "சாப்பிட்டியா கண்ணு?" என்பார். மற்ற நாட்களிலும் அதையே கேட்பார். ஆனால் ஐந்தாம் தேதிக்கு அப்புறம் 'சாப்பிட்டியா' கொஞ்சம் நீளும். எனக்குத் தொண்டையில் சோறு நிற்கும். காலை ஏழு மணிக்கு மோட்டாரை நிறுத்திவிடுவார், சோப்பு நுரையோடு நின்றாலும் இரக்கம் கிடையாது. ஆணி அடிக்கக் கூடாது. இரவு ஒன்பதுக்கு கேட் பூட்டு. ஒரு டைரி நிறைய அவரைத் திட்டி எழுதி வைத்திருந்தேன்.

காலி பண்ணும்போது கணக்குப் பார்க்கக் கூப்பிட்டார். தினசரிக் காலண்டர் தாள்களைச் சேர்த்து வைத்து, பின்பக்கம் தெரியும்படி ஊசி நூலால் தைத்த ஒரு நோட்டு. 'மாடி டீச்சர்' என்று என் பக்கம். மாதா மாதம் மீட்டர் எண், வாடகை, தேதி. என் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த இரண்டு மாதமும் தொகை இருக்க வேண்டிய இடத்தில் 'அப்புறம்' என்று மட்டும் எழுதியிருந்தார். அந்தப் பணத்தை அட்வான்ஸிலும் அவர் கழிக்கவில்லை. வெள்ளையடிக்கிற காசை மட்டும் பைசா குறையாமல் கழித்துக்கொண்டார்.

என் டைரியில் அந்த 'அப்புறம்' இல்லை. அந்த நோட்டு அவர் வீட்டுப் பரணில் போயிருக்கும், டைரி என்னிடம் இருக்கிறது. கதைகளில் அவர்கள் ஏன் கெட்டவர்களாக இருக்கிறார்கள் என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். எழுதத் தெரிந்தவளின் டைரி மிஞ்சுகிறது.

நல்லவரா கெட்டவரா என்று சொல்ல முடியாத ஒரு வீட்டுக்காரம்மா?

ஜேம்ஸ் ஜாய்ஸின் 'தி போர்டிங் ஹவுஸ்'. 1914இல் வந்த 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் இருக்கிறது. திருமதி மூனி கசாப்புக்காரரின் மகள். புருஷன் குடித்துக் கடையை அழித்து, ஒரு ராத்திரி வெட்டுக்கத்தியோடு பாய்ந்தவன். அவனைப் பிரிந்து, மிச்சப் பணத்தில் ஒரு பெரிய வீடு எடுத்து, சாப்பாட்டோடு ஆட்களைத் தங்கவைக்கிறார். அவருடைய 19 வயது மகள் பாலிக்கும் அங்கே தங்கியிருக்கும் டோரனுக்கும் பழக்கம் ஏற்படுகிறது. டோரனுக்கு வயது 35ஐ ஒட்டி. நல்ல வேலை, பயந்த சுபாவம். தாய்க்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். தெரிந்தே பேசாமல் இருக்கிறார். விஷயம் முற்றிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பன்னிரண்டு மணிப் பூசைக்குப் போக நேரம் இருக்கிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டு அனுப்புகிறார்.

இந்தக் கதையில் நான் பிள்ளைகளுக்குக் காட்டுவது ஒரு சின்ன இடம். காலைச் சாப்பாடு முடிந்த மேசையில் கிடக்கும் ரொட்டித் துண்டுகளை வேலைக்காரப் பெண்ணைக் கொண்டு பொறுக்கி எடுத்து வைக்கிறார், செவ்வாய்க்கிழமை இனிப்புப் பண்டம் செய்ய. சர்க்கரையும் வெண்ணெயும் உள்ளே வைத்துப் பூட்டப்படுகின்றன. பூட்டிய பிறகுதான் மகள் விஷயத்தை யோசிக்க உட்காருகிறார். எதுவும் வீணாகக் கூடாது என்ற அதே புத்தி. சூழ்ச்சிக்காரி என்று ஒரு பையன் சொன்னான். அவனுக்குப் பக்கத்தில் இருந்த பெண், "குடிகாரப் புருஷன்கிட்ட இருந்து தப்பிச்சு வந்தவங்க, பொண்ணுக்கு ஒரு சம்பளக்காரன் வேணும்னு நினைக்கிறது சூழ்ச்சியா?" என்றாள். அன்று மணி ஒன்பதாகியும் கூட்டம் கலையவில்லை.

கவிதையில் வருகிறாரா?

வருகிறார், சில சமயம் வெறும் குரலாக. மார்கரெட் அட்வுட்டின் 1968ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில் 'தி லேண்ட்லேடி' என்றே ஒரு கவிதை உண்டு. அதில் கீழ்த்தளத்திலிருந்து எழும் கரகரத்த சத்தமாகவும், கதவிடுக்கு வழியே நுழையும் வாசனையாகவும் வீட்டுக்காரம்மா எங்கும் நிறைந்திருக்கிறார். குடியிருப்பவள் தப்பித்துப் போவதாகக் கனவு கண்டாலும் குறுக்கே நிற்கிறார்.

நாங்கள் அதிக நேரம் பேசியது நைஜீரியக் கவிஞர் வோலே சோயின்காவின் 'டெலிஃபோன் கான்வர்சேஷன்' பற்றி. இங்கிலாந்தில் ஓர் ஆப்பிரிக்கர் பொதுத் தொலைபேசியில் நின்று வீடு கேட்கிறார். வாடகை நியாயம். வீட்டுக்காரம்மா அந்த வீட்டில் இருக்கப்போவதில்லை. எல்லாம் முடிந்த பிறகு, வீண் அலைச்சல் வேண்டாம் என்று, தான் ஆப்பிரிக்கன் என்று சொல்லிவிடுகிறார். அந்தப் பக்கம் மௌனம். பிறகு ஒரு கேள்வி: எவ்வளவு கறுப்பு? வெளுப்பா, ரொம்பக் கறுப்பா?

படித்து முடித்ததும் ஓசூர்ப் பையன் தலையைக் குனிந்துகொண்டு, "எங்கிட்ட போன்ல கேட்க மாட்டாங்க டீச்சர், நேர்ல வரச்சொல்லிதான் கேப்பாங்க" என்றான். கேள்வி எப்படி வரும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். முதலில் "சொந்த ஊர் எது?" அப்புறம் "ஊர்ல எந்தப் பக்கம்?" அப்புறம் "சைவமா அசைவமா?" கடைசியில், குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?" டு லெட் பலகை தொங்கிக்கொண்டேயிருக்க, வீடு இப்போதுதான் முடிந்துவிட்டது என்பார்கள். சோயின்காவின் கவிதையில் வீடு கேட்கிறவர் பேச்சாலேயே அந்த அம்மாவைத் திணறடிக்கிறார். ஓசூர்ப் பையனுக்கோ, வீடு கேட்டுப் போன அன்றைக்குப் பேச்சு வரவில்லையாம். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்தேன் என்றான். அவன் எழுத வேண்டிய கவிதை அது. நான் எழுதினால் பொய்யாகிவிடும்.

பழந்தமிழில் வாடகை வீடு உண்டா?

வீட்டுக்காரம்மா இல்லை. ஆனால் குடியிருப்பவர் இருக்கிறார். நிலையாமை அதிகாரத்தின் கடைசிக் குறள், 340:

புக்கில் அமைந்தின்று கொல்லோ உடம்பினுள்
துச்சில் இருந்த உயிர்க்கு.

துச்சில் என்றால் தற்காலிகமாக ஒதுங்கியிருக்கும் இடம். உடம்பில் ஒண்டிக் குடியிருக்கும் உயிருக்கு நிலையான வீடு ஒன்று இன்னும் அமையவில்லையோ என்று கேட்கிறார் வள்ளுவர். வாடகை வீடு தேடி அலுத்துப்போன ஒருவரின் பெருமூச்சு இதில் எனக்குக் கேட்கும். மூன்றாவது தடவையாக வீடு மாறிய வருஷம், சாமான் ஏற்றிய வண்டியில் உட்கார்ந்துகொண்டு இந்தக் குறளைத்தான் நினைத்தேன்.

இன்னொன்று நம் ஊர்ப் பாட்டே. தகடூர் என்பது தருமபுரிதான். அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூறு 101, "ஒருநாள் செல்லலம் இருநாள் செல்லலம்" என்று தொடங்கும். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பல நாள் பலரோடு போனாலும் முதல் நாள் காட்டிய அதே விருப்பத்தோடு இருக்கிறான் என்கிறார். இதை வாடகை வீட்டில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். பால் காய்ச்சிக் குடி போன அன்று வீட்டுக்காரம்மா எப்படி இருந்தார், மூன்றாவது மாதம் எப்படி இருந்தார் என்று மனசு தானாகக் கணக்குப் போடும். தலைநாள் விருப்பம் எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்விக்கு இந்த ஊரில் இரண்டாயிரம் வருஷ வயது.

தமிழ்க் கதைகளில் இருந்து என்ன படிக்கலாம்?

இரண்டு சொல்கிறேன். கு.ப. ராஜகோபாலனின் 'சிறிது வெளிச்சம்': கணவனிடம் அடிபடும் சாவித்திரியின் துயரம், அதே வீட்டில் குடியிருக்கும் ஒருவனின் காதில் விழுகிறது. சுவர் எவ்வளவு மெல்லியது என்பதே அந்தக் கதையின் உயிர். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவல்தான், சிறுகதை இல்லை. ஆனாலும் சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் வாடகைக் குடித்தனம் என்ன பாடு படும் என்று தெரிய ஜமுனாவோடு குடம் தூக்கியே ஆக வேண்டும்.

ஏன் வீட்டுக்காரரைவிட வீட்டுக்காரம்மாவே கதையில் அதிகம் வருகிறார்?

அவர்தான் வீட்டில் இருக்கிறார். ஆணுக்கு வாடகை ஒரு உபரி வருமானம். கணவர் போன பிறகு பல பெண்களுக்கு அந்த மேல்மாடிதான் பென்ஷன். மூனியும் பர்டியும் வாடகையை நம்பிப் பிழைத்தவர்கள்தான்.

நம் பக்கத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. வெகு காலம் இந்த அம்மாக்கள் பெயருக்குத்தான் வீட்டுக்காரம்மா, பத்திரம் அவர் பெயரில் இருக்காது. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகுதான் பெண்ணிடம் உள்ள சொத்து முழுக்க அவளுடையது என்றானது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற திருத்தம் தமிழ்நாட்டில் 1989இல் வந்தது, நாடு முழுக்க 2005இல். மகன் பெயரில் பத்திரம், வாடகை வாங்குவது அம்மா, அந்த வாடகையை மகன் எண்ணி வாங்கிக்கொண்டு போகிறான் என்ற வீடுகள் எனக்குத் தெரியும். மாடியில் இருப்பவர் பயப்படும் அந்த அம்மாவே கீழே பயந்துகொண்டு குடியிருக்கிறார்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் இதற்குக் கதை இருக்கிறதா? எல்லாம் சென்னை மேன்ஷன் கதையாகவே இருக்கிறதே?

இங்கே இருப்பது போல எங்கும் இல்லை என்பேன்.

ஓசூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து அது வாடகை ஊர். ஒரு காலத்தில் ராகியும் அவரையும் விளைந்த நிலத்தில் லைன் வீடுகள். வரிசையாக ஆறு கதவு, பொதுவாக ஒரு குழாய், கடைசியில் இரண்டு குளியலறை, முன்னால் ஓனர் வீடு. அந்த அம்மா தன் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசுவார், நம்மிடம் தமிழ், ஒடிசாவிலிருந்து வந்த பையனிடம் "பானி பந்த்" என்று கையை ஆட்டுவார். கம்பெனி ஷிப்ட் மூன்று. ராத்திரி ஷிப்ட் முடித்த பெண்கள் காலையில் வந்து கேட்டைத் தட்டினால் தூக்கக் கலக்கத்தோடு திறப்பவரும் அவரே. அவர் கண்ணில் அந்த ஆறு கதவு எப்படித் தெரியும்? யாரும் இன்னும் எழுதவில்லை என்றுதான் நினைக்கிறேன், எழுதியிருந்தால் படிக்க ஆசை.

தண்ணீர் இன்னொன்று. இந்த இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை படிந்த ஒரு தலைமுறையே இங்கே இருக்கிறது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் கீழ்வீட்டுக் குடங்கள் முதலில், மாடிக் குடங்கள் அப்புறம். கீழே குழாயை மூடிவிட்டு "வேகம் இல்லை" என்று சொல்வது ஒரு சின்னப் பொய். மாடியில் பால் குடிக்கிற பிள்ளை இருக்கும்போது அந்தப் பொய்யின் எடை வேறு.

கரண்ட் கணக்கும் அப்படியே. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் கீழேயும் மாடியும் ஓடினால், அந்த 100 யூனிட் யாருக்கு? சப் மீட்டர் போட்டு மாடியிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். மாடிக்கு அந்த இலவசம் வந்து சேர்வதே இல்லை. அதை வைத்துச் சண்டையே இல்லாமல், இரண்டு பேர் மீட்டர் பெட்டிக்கு எதிரில் நின்று எண்களை வாசிப்பதை மட்டும் எழுதினால் போதும்.

ஆடி மாதம் யாரும் வீடு மாறுவதில்லை. ஆனியில் சண்டை வந்தால் ஆவணி வரை முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மாதம் அடைபட்ட இரண்டு பெண்கள், ஒரு கொடியில் காயும் இரண்டு வீட்டுத் துணி.

பால் காய்ச்சுவதையும் விட்டுவிடாதீர்கள். புது வாடகை வீட்டில் முதல் நாள் பால் பொங்கியதும் முதல் டம்ளர் வீட்டுக்காரம்மாவுக்குத்தான் போகும். அந்த ஐந்து நிமிஷம் குடிவந்தவர் உபசரிக்கிறார், வீட்டுக்குச் சொந்தக்காரர் விருந்தாளியாகப் பாயில் உட்கார்ந்து, "சர்க்கரை போதும்மா" என்கிறார். சொந்த வீட்டிலேயே அவர் கூச்சப்படும் ஒரே நேரம் அது.

வாடகைச் சட்டம் தெரிந்திருக்க வேண்டுமா?

கொஞ்சம் தெரிந்தால் நல்லது. தமிழ்நாட்டில் 1960ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் புதுச் சட்டம் இயற்றி, 2019இலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. கதையில் நாடகம் எழுத்துக்கு வெளியே நடப்பதில்தான்.

எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பேச்சை. வீட்டுக்காரம்மா நேராக ஒன்றைக் கேட்பது அபூர்வம். "பொண்ணு வீட்டுக்கு வர்றா, இடம் பத்தல" என்றால் காலி பண்ணச் சொல்கிறார். "பக்கத்து வீட்ல ஆயிரம் ஏத்திட்டாங்களாம்" என்றால் நமக்கும் ஏறப்போகிறது. "நேத்து ராத்திரி யாரோ வந்த மாதிரி இருந்துச்சு" என்றால் எல்லாம் பார்த்துவிட்டார். கதையில் அவர் "வாடகையைக் கொடு" என்று கத்தினால் அது சினிமா வசனம் ஆகிவிடும்.

அவர் கை எதைப் பிடித்திருக்கிறது என்றும் பாருங்கள். சாவிக்கொத்து பழகிப்போன உருவம். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கண்ணைத் தூக்காமல் பேசும் அம்மாவை எழுதினால் எனக்குப் பிடிக்கும்.

நீங்களே வீட்டுக்காரம்மா ஆன பிறகு இந்தக் கதைகள் வேறு மாதிரித் தெரிகின்றனவா?

மாடியில் இப்போது இருப்பது ஒரு பெண், தனியார் கம்பெனியில் வேலை. போன வருஷம் சில மாதம் சம்பளம் சரியாக வரவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரியாது. ஏழாம் தேதி ஆகியிருந்தது. என் வாயிலும் "சாப்பிட்டியாம்மா?" தான் வந்தது, கொஞ்சம் நீளமாக. சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய குரல் என்று எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் விடியற்காலை ஹாலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். என் கதவும் படிக்கட்டைப் பார்த்துதான் இருக்கிறது, எப்போதும் திறந்துதான் கிடக்கும். மேலே கதவு மெல்லச் சாத்துகிற சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் படியின் திருப்பத்தில் இரண்டு வெறுங்கால் தெரிகிறது. செருப்பைக் கையில் பிடித்திருக்கிறாள். என் ஹால் வெளிச்சம் கடைசி நான்கு படியில் விழுந்துகொண்டிருந்தது. அவள் அங்கேயே நிற்கிறாள்.

எழுந்து விளக்கை அணைத்துவிட்டு சமையலறைக்குப் போனேன். தேவையே இல்லாமல் ஒரு பாத்திரத்தைக் கழுவினேன், குழாயை நன்றாகத் திறந்துவிட்டு. கேட் சாத்தியது கேட்டது.

அன்று என் கணக்கு நோட்டில் அந்த மாதத்துக்கு எதிரே 'அப்புறம்' என்று எழுதினேன்.